அட்டைப்பெட்டியை இரண்டாவது தடவையும் எடுக்காமல் போய்விட்டார்கள், நான் என்ன தப்பு செய்கிறேன்?

வாசல்படி எழுதியது:

வீடு மாறி ஒரு மாதம் ஆகிறது. சாமான் கட்டிக்கொண்டு வந்த பெட்டிகள், அதற்கப்புறம் கூரியரில் வந்தவை என்று ஒரு அறையில் அட்டை மட்டுமே குடியிருக்கிறது. காகிதத்துக்கும் அட்டைக்கும் தனித் தொட்டி கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் காலையில் வாசலில் வைத்தால் வண்டி வந்து தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டு போகும். அது வரைக்கும் சரி.

முதல் வாரம் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மேலே கிடந்த நாலைந்து துண்டு மட்டும் போயிருந்தது, மீதி அப்படியே இருந்தது. டேப் உரிக்காததால்தான் எடுக்கவில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, அடுத்த முறைக்கு முந்தின நாள் ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் டேப்பை உரித்தேன். அது நேராக வந்தாலாவது பரவாயில்லை, நார் நாராகக் கிழிந்து வந்து நகக்கண் எல்லாம் வலி. இடுக்கியால் பின்னைக்கூடப் பிடுங்கினேன். அப்புறம் சின்னப் பெட்டிகளைப் பெரிய பெட்டிக்குள் அடுக்கி, மற்றதை மடித்து, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் தொட்டியில் திணித்து ராத்திரியே வாசலில் வைத்துவிட்டேன். நடுவில் மழை வேறு பெய்தது. காலையில் வண்டி வந்து டமார் டமார் என்று இரண்டு தரம் உலுக்கிய சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மறுபடியும் அதே கதை.

என்ன காரணமாக இருக்கும்? டேப்பில் இன்னும் ஏதாவது விட்டுவிட்டேனா? ஒட்டின முகவரிச் சீட்டையும் உரிக்கணுமா? மழையில் நனைந்த அட்டையை எடுக்க மாட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அறையில் நடக்க வழியில்லை.


பிசின் எழுதியது:

நான் டேப் விஷயத்தில் கொஞ்சம் கறார் ஆள், அதனால் என் வழக்கத்தைச் சொல்கிறேன். தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து டேப்பின் ஒரு முனையில் அரை நிமிஷம் சூடு காட்டுங்கள். பசை இளகிவிடும். அப்புறம் மேல்நோக்கி இழுக்காமல், அட்டையோடு அட்டையாகப் பின்பக்கம் மடித்து மெதுவாக இழுத்தால் முழு நீளமும் ஒரே பட்டையாக வந்துவிடும். நீங்கள் வேகமாக இழுத்திருப்பீர்கள், அதனால்தான் நாராக வந்திருக்கும்.

முகவரிச் சீட்டு விஷயம் தனி. அது மறுசுழற்சிக்காக இல்லை, நம் பெயரும் ஃபோன் நம்பரும் தெருவில் கிடக்க வேண்டாம் என்பதற்காக. உரிக்க வரவில்லை என்றால் கிருமிநாசினித் திரவம், அதுதான் கையில் தேய்க்கும் ஆல்கஹால், இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கூரியர்ச் சீட்டுகளில் பெரும்பாலானவை சூட்டில் அச்சாகிற தாள், அதனால் அந்த இடம் கருத்துப்போய் எழுத்து தெரியாது. இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தாலும் கருக்கும். சாதாரண மை அச்சு என்றால் இது வேலைக்காகாது, கிழித்துவிட வேண்டியதுதான்.

ஒரு டேப் விடாமல் எடுங்கள். அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.


ஈரநார் எழுதியது:

பிசின் சகோ, உங்கள் பொறுமையைக் கும்பிடுகிறேன், ஆனால் காரணம் டேப் இல்லை.

பழைய அட்டையிலிருந்து அட்டை செய்கிற ஆலையில் கூழ்ப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். அங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் எதற்குக் கவலைப்படணும், எதற்கு வேண்டாம் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

பல்பர் என்று ஒரு ராட்சதத் தொட்டி இருக்கும், மிக்ஸியைப் பெரிதாக்கி அடியில் விசிறி வைத்தது போல. அதில் தண்ணீரை விட்டு, பொதி பொதியாக அட்டையைக் கொட்டுவோம். தண்ணீர்தான் அதிகம், எங்கள் பல்பரில் 100 கிலோ கலவையில் நார் 5 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். சுழலச் சுழல அட்டை கரைந்து கஞ்சி மாதிரி ஆகிவிடும். டேப் கரையாது. அது முழுசாக மிதக்கும். கம்பி, கயிறு, டேப், பிளாஸ்டிக் தாள் எல்லாம் சுற்றிச் சுற்றித் திரண்டு ஒரு முறுக்குக் கயிறாகிவிடும். அதற்கென்றே நடுவில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டிருப்போம், குப்பை அதைப் பிடித்துக்கொண்டு வளரும், அந்த வாலை மெல்ல மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே இருப்போம். தொடை தண்டி இருக்கும் சில நாள். தப்பிய சின்னத் துணுக்குகள் அடுத்துள்ள சல்லடையில் நிற்கும். கம்பிப் பின் கனமானது, கூழைச் சுழற்றிக் கனமானதைப் பிரிக்கிற சுழல்கூம்பில் கீழே இறங்கிவிடும். ஆக நீங்கள் இடுக்கியோடு உட்கார்ந்தது வீண், பெரிய டேப்பை மட்டும் சும்மா வருகிற வரைக்கும் இழுத்துப் போடுங்கள், ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கிறதை விட்டுவிடுங்கள். அதற்காக முழுப் பெட்டியையும் டேப்பாலேயே சுற்றியிருக்கிறதை அப்படியே போடாதீர்கள், அதில் அட்டையைவிட பிளாஸ்டிக் அதிகம்.

எங்களைப் படுத்துவது இரண்டு. ஒன்று எண்ணெய். டேப்பைச் சல்லடை பிடிக்கும், எண்ணெயை எது பிடிக்கும்? அது நாரோடு ஒட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் வரும், புது அட்டையில் கறையாகத் தெரியும், அந்த இடத்தில் நாரும் நாரும் சரியாகப் பிடிக்காது. சாப்பாடு வந்த பெட்டியில் அடிப்பக்கம் எண்ணெய் ஊறியிருந்தால் அந்தப் பாதியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிற மூடியை மட்டும் அட்டையோடு சேருங்கள்.

இரண்டாவது, பார்ப்பதற்கு அட்டை மாதிரி இருந்து அட்டையாக நடந்துகொள்ளாத அட்டை. பால், ஜூஸ் வருகிற டப்பாவைக் கிழித்துப் பார்த்திருக்கிறீர்களா? அறையில் வைத்தாலே மாதக்கணக்கில் கெடாத வகை என்றால் முக்கால் பங்கு காகிதம், மீதியில் பெரும்பகுதி பிளாஸ்டிக், நடுவில் மெல்லிசாக அலுமினியம். அதைத் தனி வழியில்தான் பிரிக்கணும், உங்கள் பகுதியில் எந்தத் தொட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெழுகு பூசின பெட்டியும் இந்த ரகம். உறைபெட்டியில் வைத்து விற்கிற பண்டங்களின் பெட்டியில் நனைந்தாலும் பிய்யாமல் இருக்க ஒரு பிசினைக் கலக்கிறார்கள், அது பல்பரில் போட்டாலும் தோல் மாதிரி அப்படியே கிடக்கும்.

மழை பற்றிக் கேட்டீர்கள். கடைசியில் அட்டை தண்ணீருக்குத்தான் போகிறது, நனைந்தால் என்ன என்று தோன்றும், எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. ஆனால் ஆலைக்கு வருவதற்குள் அது பொதியாகக் கட்டப்பட்டு நாள் கணக்கில் கிடக்கும். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து நார் நைந்துவிடும். காய்ந்ததாகத் தெரிகிற அட்டையிலேயே நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை தண்ணீர் உண்டு, அதற்கு மேல் ஏறினால் ஆலைக்காரர் தண்ணீரைக் காகித விலைக்கு வாங்குகிறார் என்று அர்த்தம், பொதியையே திருப்பி அனுப்புவோம். லேசான தூறல் பட்டால் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் தொட்டி காலியாகாமல் போனதற்கு இது எதுவும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். வண்டிக்காரர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து டேப் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். வேறு யாராவது சொல்வார்கள்.


மூன்றாம்சக்கரம் எழுதியது:

சொல்கிறேன். கொஞ்ச காலம் அந்த வண்டியின் பின்னாடி தொங்கிக்கொண்டு போனவன்.

கேள்வியிலேயே விடை இருக்கிறது. "ஒரு விரல் நுழைய இடமில்லாமல் திணித்தேன்", "இரண்டு தரம் உலுக்கிய சத்தம் கேட்டது". சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். யாரும் உங்கள் அட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியின் கை தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஒன்று இரண்டு தரம் ஆட்டும், விழுந்தது விழுந்ததுதான், விழாததைக் கை விட்டு எடுக்க நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. மடித்த அட்டை சும்மா இருக்காது, விரியப் பார்க்கும். உள்ளே போட்ட நிமிஷத்திலிருந்து நாலு பக்கச் சுவரையும் தள்ளிக்கொண்டே இருக்கும், பாட்டில் வாயில் தக்கை இறுகின மாதிரி. அதன்மேல் மழை. ஈரமான அட்டை ஊதும், தொட்டிச் சுவரில் ஒட்டும். உங்கள் தொட்டியைக் கவிழ்த்து வைத்து ஒரு ஆள் ஏறிக் குதித்தாலும் வந்திருக்காது.

வழி ரொம்ப எளிது. தொட்டியின் அகலத்தைவிட ஒரு சாண் குறைவாக வெட்டுங்கள். படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், புத்தகம் அடுக்குகிற மாதிரி, ஆனால் இறுக்கமாக இல்லை. போட்டு முடித்ததும் தொட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், உள்ளே சரக்கென்று நகரும் சத்தம் கேட்கணும். கேட்கவில்லை என்றால் நாலு துண்டை வெளியே எடுங்கள். மூடி முழுக்க மூடணும், திறந்திருந்தால் மழை உள்ளே, காற்றடித்தால் அட்டை தெருவில். ராத்திரியே வைக்காமல் காலையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பெட்டிக்குள் பெட்டி அடுக்குவதையும் விடுங்கள். வீட்டில் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் பிரிக்கிற இடத்தில் சுழலும் தட்டுகள் வரிசையாக ஒரு மேடை மாதிரி இருக்கும், பெரிய தட்டையான அட்டை அதன்மேல் மிதந்து அக்கரை போகும், சின்னது எல்லாம் இடுக்கில் கீழே விழும். அட்டை தட்டையாக இருக்கணும் என்பதே அதற்காகத்தான். மூடின பெட்டி உருண்டு உருண்டு நிற்கும், உள்ளே பாட்டில் இருக்கிறதா பழைய சாக்ஸ் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, தெரியாத பெட்டியைக் குப்பைப் பக்கம் தள்ளுவதுதான் அங்கே வழக்கம்.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் படியுங்கள். பெட்டியைத் தட்டையாக்கும்போது உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கை விட்டுத் தடவிவிடுங்கள். பொம்மை, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, கடிகாரம், சார்ஜ் செய்கிற சின்னச் சாதனம் எதுவானாலும் அதில் பேட்டரி இருக்கும். வண்டிக்குள் அழுத்தும் தகடு நசுக்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், சுற்றிலும் இருப்பது காய்ந்த அட்டை. ஒரு தடவை நாங்கள் சரக்கு முழுவதையும் நடுரோட்டில் கொட்டித் தண்ணீர் அடித்திருக்கிறோம்.


நெளிதாள் எழுதியது:

வெட்டுகிற விஷயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லையே, நான் கட்டரால் தொடையைக் கிழித்துக்கொண்டு ஆறு தையல் போட்டவள், அதனால் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அட்டையின் வெட்டு முனையைக் கண் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவில் அலை அலையாக ஒரு தாள் ஓடும். சாதாரணக் கூரியர்ப் பெட்டியில் அந்த அலையின் உயரம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். 1871-இல் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்கிறவர் பாட்டிலும் விளக்குக் கண்ணாடியும் உடையாமல் சுற்றுவதற்காக அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இந்த நெளி தாளுக்குத்தான், அப்போது அதற்கு மறுபக்கத் தாள் கிடையாது, அது மூன்று வருஷம் கழித்து வேறொருவர் சேர்த்தது. சரி, கதை போதும். பெட்டி நின்றால் அந்த அலைக்குழாய்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும், பாரம் தாங்குவதற்காக. ஆகவே மேலிருந்து கீழாக வெட்டினால் கத்தி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடும். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு அலையிலும் தட்டித் தட்டி நிற்கும், நாம் எரிச்சலில் அழுத்துவோம், அது சட்டென்று விடுபட்டுக் கால் பக்கம் வரும். எனக்கு நடந்தது அதுதான்.

அதனால் குறுக்கே கத்தி வேண்டாம். எங்கே குறுக்கு வேணுமோ அங்கே மேசை விளிம்பில் வைத்து மடித்து, மடிப்பின் மேல் முழங்காலால் ஒரு அழுத்து அழுத்துங்கள். மறுபக்கம் திருப்பி இன்னொரு தரம். அப்புறம் கையாலேயே கிழியும்.

அதைவிட எளிது ஒன்று இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் நாலு மூலையில் ஒரு மூலை மட்டும் ஒட்டுப்போட்ட மூலை. விரல் விட்டுத் தடவினால் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு ஒட்டியிருப்பது தெரியும். மேலும் கீழும் டேப்பை அறுத்துவிட்டு அந்த நாக்கை மேலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தால் பெட்டி முழுசும் ஒரே பாயாக விரிந்துவிடும். கத்தியே வேண்டாம். சிலதில் பசைக்குப் பதில் கம்பிப் பின் அடித்திருப்பார்கள், அங்கே மட்டும் கையைக் கீறும், பார்த்து.

ஈரநார் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று வாளியில் ஒரு சோதனை பண்ணினேன். கூரியர்ப் பெட்டித் துண்டு ஒன்று டேப்போடு, உறைபெட்டிப் பண்டம் வந்த அட்டை ஒன்று, எண்ணெய் பட்ட துண்டு ஒன்று. மூன்றையும் ராத்திரி தண்ணீரில் போட்டு காலையில் ஒரு குச்சியால் கிளறினேன். முதல் துண்டு தானாகவே மூன்று தாளாகப் பிரிந்து கிடந்தது, நடுவில் இருக்கிற பசை ஸ்டார்ச்தானாம், டேப் தனியாக மேலே மிதந்தது, ஒரு நார்கூட ஒட்டாமல். இரண்டாவதைப் பிழிந்து உதறினேன், புதுசு மாதிரி நின்றது. எண்ணெய்த் துண்டு சுற்றிலும் கரைந்து நடுவில் எண்ணெய் ஊறின வட்டம் மட்டும் பழுப்பாக அப்படியே, தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம். இனிமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.


பிசின் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருஷமாக உரித்த டேப்பை நினைத்தால் கொஞ்சம் துக்கமாக இருக்கிறது. ஈரநார் அண்ணே, ஒரே கேள்வி, தண்ணீர் தொட்டு ஒட்டுகிற காகித டேப்பையும் விட்டுவிடலாமா? அதில் உள்ளே நூல் ஓடுகிறதே.


ஈரநார் எழுதியது:

வெறும் காகித டேப் என்றால் அது எங்களுக்கு அட்டைதான், கரைந்துவிடும். நூல் ஓடுகிறது என்றால் நார்க்கண்ணாடி இழை, கரையாது, ஆனால் மற்ற குப்பையோடு வாலில் சேர்ந்துகொள்ளும். விடுங்கள். அதைவிட, ஒட்டுச் சீட்டை எடுத்து ஒட்டிய பின் மிஞ்சுகிற வழவழப்பான பின்தாள் இருக்கிறதே, அதை அட்டையில் போடாதீர்கள், சிலிக்கோன் பூசினது. உள்பக்கம் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் ஒட்டின காகித உறையும் அப்படித்தான், இரண்டையும் பிரித்தால் மட்டும் சரி. சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்த பிறகும் கண்ணாடி மாதிரி ஒரு படலம் ரப்பர் போல இழுபட்டால் அது நம் சரக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். காகித நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும், ஐந்து முதல் ஏழு தடவை வரை தாங்கும் என்பது பொதுக்கணக்கு. முட்டை வைக்கிற தட்டு, செருப்புப் பெட்டியின் சாம்பல் நிற அட்டை இதெல்லாம் ஏற்கனவே பல சுற்று வந்த வயசான நார். அதையும் போடலாம், தாராளமாக. ஆனால் கூரியர்ப் பெட்டியின் பழுப்பு அட்டையில்தான் நீள நார் அதிகம். ஏழு சாம்பல் பெட்டியை அரைமணி நேரம் தட்டையாக்கிக்கொண்டிருப்பதைவிட, அந்த ஒரு பழுப்புப் பெட்டியை நனையாமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பேன்.


வாசல்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று தொட்டியைக் காலி பண்ண அரைமணி நேரம் ஆனது. மூன்றாம்சக்கரம் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை, நடுவில் ஒரு பெட்டி அகலத்துக்குச் சரியாக இறுகி, அதற்குக் கீழே இருந்தது எல்லாம் இரண்டு வாரமாக அங்கேயே சிறையிருந்திருக்கிறது. நான் துடைப்பக் கட்டையால் நெம்பித்தான் எடுத்தேன். அடியில் இருந்தது ஊறிக் கூழாகி ஒரு பக்கம் கறுப்புப் பூஞ்சை, அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். சின்னப் பெட்டி ஒன்றுக்குள் என் பழைய கடிகாரத்தின் பட்டன் பேட்டரி இருந்தது, கையில் எடுத்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஒட்டு நாக்கைப் பிய்க்கிற வித்தை அருமை, நெளிதாள் அக்கா. 20 பெட்டியை ஒரு மணி நேரத்துக்குள் பாயாக்கிவிட்டேன். பாதியை மட்டும் செங்குத்தாக நிறுத்தினேன், சாய்த்தால் சரக்கென்றது. காலை ஆறு மணிக்கு வைத்தேன். ஜன்னலில் நின்று பார்த்தேன், பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி. ஒரே கவிழ்ப்பு, ஒரே சத்தம், மொத்தமும் போய்விட்டது. மீதிப் பாதி அடுத்த வாரம்.

ஒன்று மட்டும் பாக்கி. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை இருக்கிறது, ஆள் உயரம். தொட்டியில் போடத் துண்டு துண்டாக வெட்டணும். நாலு வயசு மகள் அதில் ஜன்னல் வரைந்து குடியேறிவிட்டாள், வாசலில் மினுமினுப்புப் பொடியும் பசையும் தடவி அலங்காரம். அதைப் போடலாமா?


மூன்றாம்சக்கரம் எழுதியது:

மினுமினுப்பு ஒட்டின துண்டை மட்டும் வெட்டிக் குப்பையில் போடுங்கள், அது பிளாஸ்டிக் பொடி, ஒன்றிலிருந்து எல்லாவற்றிலும் பரவும். கிரேயான் பரவாயில்லை. மற்றபடி அந்தக் குட்டி வீட்டுக்காரி காலி பண்ணட்டும், அவசரம் இல்லை.